சுவரிடம் சொன்னது

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டாம்.

மகனின் பிறப்புச் சான்றிதழில் என் பெயரைத் தப்பாக அடித்திருந்தார்கள். கீழே மேடான் நகரத்தில் பிறந்த தமிழச்சியின் பெயர் காரோ மலை குமாஸ்தாவின் விரலுக்கு வசப்படவில்லை, பாவம். அதைத் திருத்த மலைநகர நீதிமன்றத்துக்குப் போயிருந்தேன். வராந்தாவின் கோடியில் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி சுவரைப் பார்த்து நின்று பேசிக்கொண்டிருந்தாள். நாலடி தள்ளி ஓர் ஆண். அவனும் அதே சுவரைப் பார்த்துப் பேசினான். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. பெஞ்சில் இருந்தவர்கள் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"என்ன கேஸு?" என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டேன்.

"கதவ மூடி நடத்துற கேஸு. கேரட் கொட்டாய் விவகாரம். அதுக்கு மேல கேக்காதம்மா, கடலை சாப்பிடு."

நான் பார்த்தது இவ்வளவுதான். பாலியல் வழக்குகளை இங்கே மூடிய அறையில்தான் விசாரிப்பார்கள், நான் உள்ளே இருந்ததில்லை. ஆகவே இனி வருகிற பெயர்கள், ஆட்கள், பேச்சுகள் எல்லாம் என் கற்பனை. அப்படியானால் ஏன் எழுதுகிறேன்? அந்தச் சுவர் என்னை விடவில்லை.

2

தொடக்கங்கள்.

[ரெகுலினா அன்று நீல நிற ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு]

விட்டுவிட்டேன். என்ன உடுத்தியிருந்தாள் என்று ஆரம்பிப்பது எதிர்த்தரப்பு வக்கீலின் பழக்கம். நான் ஏன் அவருக்கு முந்திக்கொள்ள வேண்டும்?

[அன்று மழை பெய்துகொண்டிருந்தது.]

இதிலும் சிக்கல். ரெகுலினாவுக்கு இருபது வயது. பங்கிட் கிந்திங்கின் கொட்டகையில் கேரட் கழுவித் தரம் பிரிக்கும் வேலை. போலீசில் முதல்முறை சொல்லும்போது "மழை பெஞ்சிட்டிருந்துச்சு" என்றாள். அந்தப் பிற்பகலில் மலையில் எங்கும் ஒரு சொட்டு மழை இல்லை. நீதிமன்றத்தில் கேட்டபோது, "மழை இல்ல. கேரட் கழுவுற உருளைய அவரு ஓடவிட்டிருந்தாரு. தகரக் கூரைல தண்ணி அடிச்சிக்கிட்டே இருந்துச்சு. எனக்கு மழைன்னுதான் ஞாபகம்" என்றாள். உருளையை ஏன் ஓடவிட்டான்? சத்தம் வெளியே கேட்கக் கூடாதென்றுதான். ஆனால் எழுத்தில் பார்த்தால் முதலில் மழை, பிறகு மழை இல்லை.

[பங்கிட் கிந்திங் ஊரில் நல்ல பெயர் எடுத்தவன். தேவாலயத்துக்குப் புது ஒலிபெருக்கி வாங்கிக்]

இதை முடிக்க மனம் வரவில்லை. அவன் ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே வாக்குமூலம்தான் தந்தான்: "நான் அங்க இல்ல. காப்பிக் கடையில இருந்தேன்." போலீசிலும் அதே, நீதிமன்றத்திலும் அதே. ஒரு எழுத்துப் பிசகவில்லை. 'இல்லை' என்பதில் முரண்பட என்ன இருக்கிறது? நடந்ததைச் சொல்கிறவளுக்குத்தான் கூரையும் தண்ணீரும் கதவும் நேரமும் கணக்குக்கு வருகின்றன.

3

இப்போது சாட்சி.

நந்தே நெட்டி. நெட்டியின் அம்மா என்று பொருள். இங்கே பிள்ளை பெற்றவளை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். ஒரே மகள் நெட்டி, அவளைக் கட்டியவன் பங்கிட். ஆக, குற்றவாளிக் கூண்டில் இருப்பவன் சாட்சியின் மாப்பிள்ளை.

இந்த மலையின் காரோ மக்களில் மாமியாருக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் ரெபு என்றொரு விலக்கு உண்டு. நேருக்கு நேர் பேசக் கூடாது. முகம் பார்க்கக் கூடாது. ஒரே பாயில் உட்காரக் கூடாது. பேசித்தான் ஆகவேண்டும் என்றால் நடுவில் ஓர் ஆள் வேண்டும். ஆள் இல்லாவிட்டால் தூண், கல், சுவர். சுவருக்குக் காது உண்டு என்று நம்மவர்கள் சொல்வார்கள். வாயும் உண்டென்று எனக்கு இங்கே வாழ்க்கைப்பட்ட பிறகுதான் தெரிந்தது.

மாமனாருக்கும் மருமகளுக்கும் நடுவிலும் அதே ரெபுதான். மேடானில் என் அம்மா கடைசி வரை அப்பாவின் பெயரைச் சொன்னதில்லை, ரேஷன் கடையில்கூட என்னைச் சொல்லவைத்தாள். அதைக் கேலி செய்து வளர்ந்தவள் நான். இப்போது இருபது வருஷத்துக்கு மேலாக ஒரே வீட்டில் இருக்கிற மாமனாரின் முகம் எனக்குச் சரியாகத் தெரியாது. சாம்பார் பிடிக்கும் என்று தெரியும். உப்புக் குறைந்தால் குவளையிடம் புகார் சொல்வார். சிரிப்பாக இருக்கிறதா? எனக்கும் முதல் ஆறு மாதம் சிரிப்பாகத்தான் இருந்தது. பிறகு ஒருநாள் புரிந்தது, அந்த வீட்டில் என்னை ஏறிட்டுப் பார்க்காத ஒரே ஆண் அவர்தான், அதனால் அவர் இருக்கும் அறையில் எனக்குப் பயமே இல்லை என்று. ரெபு எதற்கு இருக்கிறது என்று கேட்டால் பெரியவர்கள் சொல்லும் பதிலும் அதுதான்: பெண்ணுக்குப் பாதுகாப்பு.

அந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

4

[இந்தப் பகுதியில் கொட்டகைக்குள் நடந்தது வரவேண்டும்.]

எழுத மாட்டேன். ரெகுலினா அதை அம்மாவிடம், போலீசிடம், டாக்டரிடம், அரசு வக்கீலிடம், மூன்று நீதிபதிகளிடம் சொல்லியாயிற்று. ஒவ்வொரு முறையும் ஒரு சொல் மாறியது, ஒவ்வொரு மாற்றமும் அவள் கணக்கில் கழிக்கப்பட்டது. என் கதைக்காகவும் அவள் இன்னொரு முறை சொல்ல வேண்டாம். நாம் பலகைச் சுவருக்கு வெளியே நிற்போம். நந்தே நெட்டி நின்ற இடத்தில்.

பேரனுக்காக இலையில் கட்டிய சிம்பா பலகாரத்தோடு வந்தாள். கொட்டகைக் கதவு சாத்தியிருந்தது. உருளை ஓடுகிற இரைச்சல். அது நின்றதும் உள்ளே ஒரு பெண் அழுவது கேட்டது.

"யாரு உள்ள?" என்று கேட்டாள்.

பிறகு பலகைக்கு அந்தப் பக்கமிருந்து ஓர் ஆண் குரல். "சுவரே, அவங்ககிட்ட சொல்லு. பொண்ணு வழுக்கி விழுந்துட்டா. ஒண்ணுமில்ல. வீட்டுக்குப் போகச் சொல்லு."

நந்தே நெட்டியின் கையிலிருந்த சிம்பா இன்னும் சூடாக இருந்தது. "சுவரே, அவருகிட்ட சொல்லு. பொண்ண நான் கூட்டிட்டுப் போறேன்."

பின்கதவு திறந்து மூடும் சத்தம். அதன் பிறகுதான் அவள் உள்ளே போனாள்.

ரெகுலினாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் வெந்நீர் வைத்துத் தானே குளிப்பாட்டினாள். தாய்மனசு. அந்த வெந்நீரில் டாக்டர் தேடியிருக்கக்கூடிய எல்லாம் போய்விட்டது.

5

நந்தே நெட்டி போலீசில் சொன்னது. விசாரித்தவள் கடற்கரை ஊரிலிருந்து மாற்றலாகி வந்த இளம் பெண். கெட்டவள் இல்லை. தண்ணீர் கொடுத்தாள், மெதுவாகத்தான் கேட்டாள்.

"பங்கிட்டோட முகத்தப் பாத்தீங்களா?"

"இல்ல."

"அவர் உங்ககிட்ட ஏதாவது பேசினாரா?"

"சேச்சே, இல்லம்மா!"

அந்த 'சேச்சே'யைக் கவனியுங்கள்.* மாப்பிள்ளை என்னிடம் பேசினானா என்று கேட்கிறாயே, எங்களை என்ன குடும்பம் என்று நினைத்தாய் என்ற பதற்றம் அது. விசாரித்த பெண் அதை 'இல்லை' என்று தட்டச்சு செய்துகொண்டாள்.

(* நீதிமன்றத்துக்குப் போனது 'இல்லை' மட்டும்தான். 'சேச்சே'க்கு அங்கே இடமில்லை.)

6

கொஞ்சம் சட்டம். அலுப்பாக இருந்தால் தாண்டிப் போகலாம், ஆனால் ரெகுலினாவால் தாண்ட முடியாது.

இந்த நாட்டுச் சட்டப்படி பாதிக்கப்பட்டவளின் சொல்லோடு இன்னொரு சான்று சேர்ந்தால்தான் தண்டனை. டாக்டர் அறிக்கையில் ஒன்றும் இல்லை. ஆக, எல்லாம் நந்தே நெட்டியின் தலையில். மாமியார் என்பதால் அவள் சாட்சி சொல்ல மறுக்கலாம். சொல்வதென்றாலும் எதிர்த்தரப்பும் சம்மதித்தால்தான் சத்தியம் செய்து சொல்ல முடியும். பங்கிட்டின் வக்கீல் சிரித்த முகத்தோடு சம்மதித்தார். முகம் பார்க்கவில்லை, பேச்சு கேட்கவில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிற சாட்சியை யார் வேண்டாம் என்பார்கள்?

சாட்சிச் சொற்கள் முரண்பட்டால் எப்படி எடைபோடுவது? நீதிபதிகளுக்கு ஒரு வழி இருக்கிறது. சிறு முரண், பெரு முரண் என்று பிரிப்பார்கள். மழையா தண்ணீரா என்பது சிறு முரண். பயத்தில் இருக்கிறவளுக்குக் கூரை மேலே என்ன என்று தெரியாது, அதைத் தள்ளிவிடலாம். ஒரு சொல்லும் மாறாமல் மூன்று இடத்தில் ஒப்பித்தால்தான் மனப்பாடமோ என்று சந்தேகிக்க வேண்டும் என்றுகூட நல்ல நீதிபதிகள் எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஆள் அவனா, அவன் பேசினானா என்பது பெரு முரண். அதில் தவறினால் சாட்சி முழுவதும் சரியும்.

எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தைத் தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை என்றும் சட்டத்தில் இருக்கிறது. ரெபு எல்லோருக்கும் தெரிந்ததா? இந்த மலையில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். தலைமை நீதிபதி ஜாவாத் தீவிலிருந்து வந்தவர். அவருக்குத் தெரியாது.

பங்கிட்டின் வக்கீலுக்குத் தெரியும். அவரும் காரோதான். தன் மாமியாரின் முகத்தை அவர் கல்யாணத்துக்குப் பிறகு பார்த்ததில்லை.

7

மூடிய அறை. நான் கற்பனை செய்தது.

"அத்தை," என்றார் வக்கீல். அப்படித்தான் கூப்பிட்டார், சொந்தக்காரர் மாதிரி. "போலீஸ்ல அவர் பேசலன்னு சொன்னீங்க. இப்ப பேசினாருன்னு சொல்றீங்க. எது பொய்?"

"ரெண்டும் பொய்யில்லப்பா. என்கிட்ட பேசல. சுவர்கிட்ட பேசினாரு."

தலைமை நீதிபதி எழுதுவதை நிறுத்தினார். "சுவர்கிட்டயா?"

"ஆமாங்கய்யா. ரெபு." பிறகு வக்கீலைக் கையால் காட்டினாள். "இந்தத் தம்பியக் கேளுங்க, சொல்லும். அதுவும் மாமியாரு உள்ள வீடுதான்."

வக்கீல் காகிதத்தைப் புரட்டினார். "நான் சாட்சி இல்ல, அத்தை. முகத்தப் பாக்கலன்னு ஒத்துக்கறீங்க. கொட்டாய்ல பத்து ஆம்பளைங்க வேலை பாக்கறாங்க. பலகைக்கு அந்தப் பக்கம் இருந்தது யாருன்னு எப்படிச் சொல்றீங்க?"

"வேற எவனா இருந்தா கதவத் தொறந்து என் மூஞ்சியப் பாத்தே பேசியிருப்பானே. 'என்ன நந்தே, ஒண்ணுமில்ல, போங்க'ன்னிருப்பான். என்கிட்ட பேச சுவர் வேணும்னு நெனைக்கிற ஆம்பள ஒலகத்துலயே ஒருத்தன்தான் அய்யா. எனக்கு ஒரே பொண்ணு."

இதை எழுதிய பிறகு என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. அவன் அந்த நேரத்திலும் மரியாதை தவறவில்லை. ஒரு பெண்ணை அப்படிச் செய்துவிட்டு, மாமியார் குரல் கேட்டதும் முறைப்படி சுவரிடம் பேசியிருக்கிறான். பெண்ணுக்குப் பாதுகாப்பு என்றார்களே, அது. எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

தலைமை நீதிபதி வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார். அவர் மேல் தப்பில்லை, எல்லாச் சாட்சியிடமும் கேட்பதுதான். "அம்மா, குற்றம் சாட்டப்பட்டவரைப் பாருங்க. நீங்க சொல்றது இவரைத்தானா?"

நந்தே நெட்டி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ரெபுவை உடைத்தால் திரும்ப ஒட்டவைக்க முடியாது. பார்த்துவிட்டால் அவன் மாப்பிள்ளை இல்லை. அவன் மாப்பிள்ளை இல்லையென்றால் நெட்டி யார், பேரன் யார்?

பிறகு தலையைத் தூக்கினாள். எட்டு வருஷமாகப் பார்க்காத முகத்தை நேராகப் பார்த்தாள். "நீதான்," என்றாள். சுவரிடம் இல்லை, அவனிடம்.

பங்கிட் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வக்கீல் எழுந்தார். குரலில் இப்போது அத்தை இல்லை. "ஐயா, பதிவு செய்யணும். மாப்பிள்ளை முகத்தப் பாக்கவே கூடாதுங்கறது வழக்கம், அதனாலதான் அன்னிக்குப் பாக்கலன்னு சாட்சி சொல்றாங்க. இப்ப உங்க கண்ணு முன்னாலயே பாத்துட்டாங்க. பாக்க முடியாதுங்கறது உண்மையா இருந்தா இது எப்படி? இல்ல, ரெபுவையே உடைக்கிற அளவு பகையோட வந்திருக்காங்களா?"

8

இந்த இடத்தில் எனக்கே நந்தே நெட்டி மேல் சந்தேகம் வந்தது. வக்கீல் சொன்னதால் இல்லை. இந்த ஊர்ப் பெண் உண்மையிலேயே பார்ப்பாளா, அல்லது மேடான்காரி நான் அவள் தலையைத் தூக்கிவிட்டேனா?

மாமனாரிடம் கேட்கலாம் என்று போனேன். முன்னறையில் தனியாகச் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் அவரே. நான் கதவோரம் உட்கார்ந்து பலகையைப் பார்த்தேன்.

"குதிரையே, மாமாகிட்ட கேளு. ஒரு பொம்பள கோர்ட்டுல மருமகன நேருக்கு நேரா பாத்துட்டான்னு எழுதியிருக்கேன். பாப்பாளா?"

"குதிரையே, சொல்லு. பாக்க மாட்டா. மேசையப் பாத்து 'மேசையே, அவன்தான்னு சொல்லு'ம்பா. கதைய மாத்தச் சொல்லு."

"மாத்த முடியாது குதிரை. நீதிபதி பாக்கச் சொல்றாரு."

"நீதிபதி சொன்னா? நாளைக்கு என்னப் பாருன்னு நீதிபதி சொன்னா என் மருமக பாத்துருவாளாமா?"

"நீங்க அந்தக் கொட்டாய்ல இருந்திருந்தா பாப்பேன்."

குதிரையை விட்டுவிட்டு அவரிடமே சொல்லிவிட்டேன். வாயிலிருந்து வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் முதல்முறை. அவர் கை ராணியின் மேல் அப்படியே நின்றது. கொஞ்சம் கழித்து, "குதிரையே, அப்ப கதைய மாத்த வேணாம்னு சொல்லு," என்றார். கோபமா, வருத்தமா என்று தெரியவில்லை. முகத்தைப் பார்க்கக் கூடாதே.

9

முடிவுகள்.

(அ) தண்டனை. மூவரில் ஒருவர் இந்த மலையின் மகள், அவர் மற்ற இருவருக்கும் ரெபுவைப் புரியவைக்கிறார். ரெகுலினா [தேவாலய மணி அடிக்க] வேண்டாம், அசட்டுத்தனம்.

(ஆ) விடுதலை. 'சாட்சியின் சொற்கள் அடிப்படையான விஷயத்தில் ஒன்றுக்கொன்று முரண்படுவதால்' என்று தீர்ப்பு தொடங்குகிறது. பங்கிட் மறுவாரம் உருளையை ஓடவிடுகிறான். ரெகுலினா மலையை விட்டு

இதை முடிக்க மாட்டேன். இப்படி எத்தனையோ முடிந்திருக்கின்றன, நான் வேறு எழுத வேண்டுமா?

தீர்ப்பை மட்டும் கதவைத் திறந்துவைத்துத்தான் வாசிப்பார்கள், யாரும் போய்க் கேட்கலாம். அந்தக் கேரட் கொட்டகை வழக்கின் தீர்ப்பு நாளும் எனக்குத் தெரிந்திருந்தது. நான் போகவில்லை. உண்மையான தீர்ப்பு தெரிந்துவிட்டால் என் நந்தே நெட்டியை அதை வைத்தே எடைபோட்டுவிடுவேன் என்ற பயம். அவன் தண்டிக்கப்பட்டால் அவள் சொன்னது உண்மை, விடுபட்டால் பொய் என்று. அவள் சொன்னது தீர்ப்புக்கு முன்னாலேயே உண்மையாகவோ பொய்யாகவோ இருந்ததுதானே.

10

முதல் பகுதியில் ஒரு தவறு இருக்கிறது. திருத்தவில்லை, அப்படியே விட்டிருக்கிறேன்.

வராந்தாவில் அந்தப் பெண்மணிக்கு நாலடி தள்ளி நின்றது ஆண் என்று எழுதினேன். ஆண் இல்லை, ஓர் இளம் பெண். சுவரோடு பேசும் இரண்டு பேரைப் பார்த்ததும் என் மனம் தானாக ஒரு மாப்பிள்ளையை அங்கே நிறுத்திவிட்டது. எழுத எழுதத்தான் இடுப்பிலிருந்த குழந்தை நினைவுக்கு வந்தது, பிறகு அவள் முகம். பெரியவளின் அதே மூக்கு, அதே தாடை. தாய்க்கும் மகளுக்கும் ரெபு கிடையாது. இந்த மலையில் எங்கேயும் கிடையாது. அதனால்தான் அந்தச் சுவர் என்னை விடவில்லை போலிருக்கிறது.

கேட்கவில்லை என்றும் எழுதினேன். கேட்டது.

"சுவரே," என்றாள் மகள், "இவங்ககிட்ட கேளு. முதல்ல பாக்கலன்னுதானே சொன்னாங்க?"

குழந்தை பாட்டி பக்கம் கையை நீட்டியது. அவள் அதைத் தொடவில்லை.

"சுவரே, அவகிட்ட சொல்லு. முதல்ல கேட்டப்ப எனக்குச் சரியாச் சொல்ல வரல. இப்ப சொன்னதுதான் நடந்தது."

நானும் உங்களிடம் அதையேதான் சொல்கிறேன். முதலில் ஆண் என்றேன், இப்போது பெண் என்கிறேன். முதலில் கேட்கவில்லை என்றேன், இப்போது கேட்டது என்கிறேன். என்னை நம்புகிறீர்களா? நம்பினால், எதனால் நம்பினீர்கள் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ரெகுலினா வராந்தாவின் மறுகோடியில் உட்கார்ந்து அதற்காகத்தான் காத்திருக்கிறாள்.

சுவரே, நீ எல்லாவற்றையும் கேட்டாய். அவளிடம் போய் என்ன சொல்லப்போகிறாய்?